மறு: துறைமுக பைலட்டுக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி அதை உள்ளே கொண்டுவரும் பைலட்டுக்கு என்ன தமிழ்ச்சொல் என்று இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். கப்பல் மேல்தளத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சொல்லை முடிவு செய்யும் முன் அந்த வேலை என்ன என்பதில் நமக்குள் தெளிவு வேண்டும்.

> ‘துறைமுக வழிகாட்டி’ போதுமே, படித்தவுடன் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது ஐயா. கையேடும் வழிகாட்டிதான், சாலையோரப் பலகையும் வழிகாட்டிதான். பைலட் வழியைக் காட்டிவிட்டு ஒதுங்குபவர் இல்லை. துறைமுகத்துக்கு வெளியே, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சின்னப் படகில் வந்து பக்கவாட்டில் அணைகிறார். காற்றும் அலையும் படாத பக்கமாக ஏணி தொங்கும்படி கேப்டன் கப்பலைத் திருப்பிக் கொடுப்பார். மரப்படி வைத்த கயிற்றேணி அது. படகு அலையின் உச்சிக்கு எழும் நேரம் பார்த்து அவர் ஏணிக்குத் தாவ வேண்டும். முன்னதாகத் தாவினால், அடுத்த அலையில் எழும் படகு காலை நசுக்கிவிடும். நீர்மட்டத்திலிருந்து 9 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் கயிற்றேணியை மட்டும் தொங்கவிடக் கூடாது, கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. இந்த ஏற்றத்தில் உயிரை விட்ட பைலட்டுகள் உண்டு.

பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறைக்கு வந்ததும் முதலில் கேப்டனோடு பேச்சு. கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது, எந்த இன்ஜின் வேகத்துக்கு எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்), சுக்கான் முழுதாகத் திரும்ப எத்தனை விநாடி, எதில் பழுது என்பதெல்லாம் ஒரு அட்டையில் எழுதி அவர் கையில் தரப்படும். அவர் தன் பங்குக்கு நீரோட்டம், ஓதம் (கடல் ஏற்றவற்றம்), எத்தனை டக் (இழுவைப் படகு), எந்த பெர்த் (கப்பல் கட்டும் இடம்) என்று சொல்வார். அதன்பிறகு கட்டளைகள் அவர் வாயிலிருந்துதான். ‘ஸ்டார்போர்டு டென்’ என்பார், அதாவது சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று. சுக்கான் பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார், முள் பத்தில் நின்றதும் மறுபடி சொல்வார். காதில் தவறாக விழுந்த ஒரு சொல் கப்பலைக் கரையில் ஏற்றிவிடும் என்பதால் இந்த வழக்கம்.

அவருடைய அறிவு வரைபடத்தில் பாதிதான் இருக்கும். ஆழமில்லாத நீரில் வேகம் கூடினால் கப்பல் இன்னும் கீழே அமுங்கும். வேகம் இரட்டித்தால் அமுங்கல் ஏறத்தாழ நான்கு மடங்கு. வாய்க்காலின் ஒரு கரையை நெருங்கிப் போனால் கப்பலின் பின்பக்கம் அந்தக் கரைப் பக்கமே இழுபடும், முன்பக்கம் விலகும். வேகத்தைக் குறைத்தால் சுக்கானுக்குப் பிடி போய்விடும், அப்போது டக்தான் துணை. இந்த மூன்றுக்கும் நடுவே, அந்த ஒரு வாய்க்காலில் அந்த ஒரு ஓதத்தில் எது சரி என்று தெரிந்தவர் அவர். 2024 மார்ச்சில் பால்டிமோரில் ‘டாலி’ கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தை நோக்கிப் போனபோது, நங்கூரத்தை இறக்கச் சொன்னதும் பாலத்தில் வண்டிகளை நிறுத்தச் செய்தி அனுப்பச் செய்ததும் பைலட்தான். பாலம் விழுந்தது; அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். ஆனால் வண்டிகள் அதற்குள் நிறுத்தப்பட்டிருந்தன. இந்த மனிதரை ‘வழிகாட்டி’ என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

> ‘கப்பல் வலவர்’ எப்படி? புறநானூற்றில் ‘வலவன் ஏவா வானவூர்தி’ இருக்கிறதே.

அழகான சொல்தான் அம்மா. ஆனால் வலவன் தேரைத் தானே ஓட்டுபவன். பைலட் சுக்கானைத் தொடுவதில்லை. கப்பலின் பொறுப்பும் அவருக்குப் போவதில்லை. பைலட் ஏறினாலும் கேப்டனின் கடமை தீராது என்பதுதான் பொது விதி. தேவையென்றால் கேப்டன் குறுக்கிட்டுத் தானே ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். பனாமா கால்வாயில் மட்டும் நிலைமை வேறு, அங்கே கப்பலின் ஓட்டம் பைலட்டின் கட்டுப்பாட்டுக்கே வந்துவிடுகிறது. ‘வலவர்’ என்று எழுதினால் பனாமா விதிவிலக்கே எல்லாத் துறைமுகத்துக்கும் விதி ஆகிவிடும்.

‘விமானி’ பற்றி நீட்ட வேண்டாம். பைலட் என்ற சொல் கடலிலிருந்து வானுக்குப் போனது, ‘துறைமுக விமானி’ என்று அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது.

என் பரிந்துரை: நீகான். துறைமுகத்தில் பணி செய்பவர் துறைநீகான்.

அகநானூறு 255இல் ‘கோடுயர் திணிமணல் அகன்துறை நீகான் / மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய’ என்று வருகிறது. மாடத்தில் எரியும் விளக்கைக் கொண்டு துறையின் பக்கம் அறிந்து கப்பலைச் செலுத்துபவன். அவன் கப்பலோடு வந்தவனா, துறையிலிருந்து போய் ஏறியவனா என்று பாட்டு சொல்லவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் துறை, வெளிச்சம், மருங்கறிதல் மூன்றும் ஒரே இடத்தில் நிற்கின்றன, பைலட்டின் வேலை முழுவதும் இதற்குள் இருக்கிறது. கரையிலிருந்து எதிர்கொண்டு போய்க் கப்பலை அழைத்துவரும் வழக்கமும் பழையதுதான். பாரிகாசாத் துறைக்கு, அதாவது இன்றைய குஜராத்தின் பரூச்சுக்கு வரும் கப்பல்களை அரசனின் பணியிலிருந்த உள்ளூர் மீனவர்கள் படகில் போய் எதிர்கொண்டு இழுத்து வந்ததை முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் குறிப்பு சொல்கிறது.

> நீகான், மீகான், மீகாமன் எல்லாம் அகராதியில் ஒரே பொருள்தானே?

ஆம், எல்லாம் மாலுமியையே குறிக்கும். ஒருபொருட் சொற்களைப் பிரித்துக்கொள்வது கலைச்சொல்லாக்கத்தில் புதிதில்லை. வழக்கில் ஒன்றாக இருந்த நிறையையும் எடையையும் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் பிரித்துக்கொண்டது, இன்று எந்த மாணவரும் குழம்புவதில்லை. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். கேப்டனை ‘மீகாமர்’, பைலட்டை ‘நீகாமர்’ என்று வைக்கலாம் என்ற யோசனையைக் கடுமையாக எதிர்க்கிறேன். ஓர் எழுத்து வேறுபாடு ரேடியோ இரைச்சலில் நிற்காது. பொறுப்பு யாருடையது என்பதே கேள்வியாகும் இடத்தில் இந்த இரண்டும் குழம்பவே கூடாது. கேப்டன், கேப்டனாகவே இருக்கட்டும்.

பெண்பாலுக்கு என்ன என்று கேட்டிருந்தார்கள். பெண் பைலட்டுகள் இருக்கிறார்கள், எனவே கேள்வி நியாயமானது. மாலுமி, சுக்கானி போல ‘நீகான்’ என்பதையும் பொதுப்பெயராகக் கொண்டு, ‘நீகான் ஏறினார்’ என்று உயர்வு வினையோடு எழுதலாம் என்பது என் கருத்து. ‘-ஆன்’ ஈறு உறுத்துகிறது என்பவர்கள் வேறு வடிவம் சொல்லுங்கள், திறந்த மனதோடு கேட்கிறேன்.

அடிச்சொல்லாக நீகானை வைத்தால் மற்றவை தாமே வருகின்றன: நீகான் படகு, நீகான் ஏணி, நீகான் ஏறுமிடம். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரவில் அந்தப் படகு காட்டும் விளக்குகளை நீகான் விளக்கு எனலாம். ஹூக்ளி போன்ற ஆற்றில் ஆற்றுநீகான், சூயஸில் கால்வாய்நீகான். சிக்கல் ‘பைலட்டேஜ்’ என்பதில்தான். அது வேலையையும் குறிக்கிறது, அதற்குக் கட்டும் கட்டணத்தையும் குறிக்கிறது. நான் ‘நீகான் பணி’, ‘நீகான் கட்டணம்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதி வருகிறேன். ‘நீகான்மை’ என்று ஒரே சொல்லாக்கலாம் என்றால் கட்டணத்தை அது தாங்குமா என்று பாருங்கள்.