கல்லூரியில் அரபு: ஜபர், ஜேர் இல்லாத பக்கத்தைப் படிப்பது எப்படி?

மதரஸாவில் ஓதிப் பழகிவிட்டு ராயப்பேட்டை புதுக்கல்லூரி மாதிரி இடங்களில் அரபு எடுக்கிற பிள்ளைகள் திணறுவது ஒரே இடத்தில்தான்: ஜபர் (அ), ஜேர் (இ), பேஷ் (உ) என்ற உயிர்க்குறிகள் எதுவும் இல்லாத உரைநடை. காஃப், தா, பா என்ற மூன்று எழுத்துகளும் வெறுமனே நின்றால் கதப (எழுதினான்), குதிப (எழுதப்பட்டது), குதுப் (புத்தகங்கள்) எதுவாகவும் இருக்கலாம். எது என்று வாக்கியம்தான் சொல்லும்.

குறியில்லாத அரபு உரைநடையில் தினமும் ஐந்து வரி போதும். நோட்டில் ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில், பென்சிலால் எழுதுங்கள். முதலில் வினைக்கு அடிக்கோடு. பிறகு சொல்லின் கடைசி எழுத்துக்குக் குறி: செய்தவருக்குப் பேஷ், செயப்படுபொருளுக்கு ஜபர்; ஃபீ (இல்), மின் (இருந்து), இலாவுக்கு (நோக்கி) பின்னால் வருவதற்கு ஜேர். வினையே இல்லையா? முப்ததா (எழுவாய்), கபர் (பயனிலை) இரண்டுக்கும் பேஷ். முன்னால் 'கான' (இருந்தான்) வந்தால் கபர் ஜபராகிவிடும். கடைசி எழுத்துகளை முடித்த பிறகே நடு எழுத்துகளுக்குப் போங்கள். வேற்றுமை உருபு நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம் என்பதால் இது சீக்கிரமே பிடிபடும்.

இளாஃபத்தில் (ஒன்றுடையது இன்னொன்று என்று சொல்லும் தொடரில்) மட்டும் உஷார். 'மாணவனின் புத்தகம்' அரபியில் தலைகீழாக, புத்தகம் முன்னால் வரும். அந்த முதல் சொல்லுக்கு 'அல்'லும் கூடாது, தன்வீனும் (கடைசியில் 'ன்' ஒலி சேர்க்கும் குறி) கூடாது. பரீட்சையில் மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்.

*

ஐந்து வரி முறை நல்ல முறை. ஆனால் அகராதி பார்க்கத் தெரியாமல் அது நகராது. ஹான்ஸ் வெர் அரபு-ஆங்கில அகராதியில் சொற்கள் வேர் (பெரும்பாலும் மூன்று அடிப்படை எழுத்துகள்) வரிசையில் இருக்கும். மண்ணடிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 'இஸ்திக்ஃபார்' (மன்னிப்புக் கேட்டல்) வேண்டுமானால் முன்னால் உள்ள அலிஃப், ஸீன், தாவையும் நடு அலிஃபையும் கழற்றிவிட்டு கைன், ஃபா, ராவில் தேட வேண்டும். அங்கே ரோமன் எண் பத்துக்கு நேரே அதன் வினை இருக்கும். அதனால் ஒன்று முதல் பத்து வரையுள்ள வினை வடிவங்களை (ஒன்பதாவது அரிது, பெரும்பாலும் நிறங்களுக்கும் உடற்குறைகளுக்கும்தான் வரும்) இறந்தகாலம், நிகழ்காலம், மஸ்தர் (தொழிற்பெயர்) என மூன்று பத்தியாக ஒரே தாளில் எழுதி அகராதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேரிலேயே வாவோ யாவோ இருந்தால்தான் சிக்கல். கப்ரில் (கல்லறையில்) வைக்கும் மீஸான் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மீஸான்' என்பதன் வேர் வாவ், ஸாய், நூன். ஜேருக்குப் பின்னால் சுகூனோடு (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) வந்த வாவ், யாவாக மாறிவிட்டது. வேர் கிடைக்காத இடத்தில் முதலில் வாவைப் போட்டுப் பாருங்கள், பிறகு யா.

*

உச்சரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐன், ளாத் என்ற எழுத்துகள் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அவற்றுக்குப் பயிற்சி எடுப்பார்கள். கவனிக்காமல் விடுவது சாதாரண 'தா'வை. இரண்டு உயிரொலிக்கு நடுவே வந்தால் தமிழ் நாக்கு அதைத் தானாகவே 'பாதை'யின் த ஆக்கி, தால் என்ற வேறு எழுத்துக்குக் கொண்டுபோய்விடும். அதைத் திருத்த அழுத்திச் சொன்னால் 'பத்து' மாதிரி இரட்டித்து 'கத்தப' ஆகும். அது எழுத வைத்தான் என்ற வேறு வினை. வேண்டியது 'தலை'யின் த, ஒற்றையாக. 'க' சொல்லி நிறுத்தி 'தப' சொல்லுங்கள், இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஃபோனில் பதிந்து கதப, கத்தப இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் காதில் விழும். தரஸ (படித்தான்), தர்ரஸ (கற்பித்தான்) ஜோடியையும் இப்படியே பழகலாம்.