ஹெட்போனில் அருமை, போனில் கேட்டால் கிட்டார் டப்பா சத்தம்: எங்கே தப்பு?

மெட்டுக்காரன்:
ஒரு குரல், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு பேஸ். வீட்டு ரெக்கார்டிங், மிக்ஸ் பண்றது ஹெட்போன்ல. கிட்டார் அகலமா கேக்கணும்னு அதே டிராக்கை காப்பி எடுத்து, 10 மில்லிசெகண்ட் தள்ளி வச்சு, ஒண்ணை இடது கோடிக்கும் இன்னொண்ணை வலது கோடிக்கும் பேன் பண்ணிருக்கேன். போன்ல கேட்டா கிட்டார் டப்பாக்குள்ள இருக்கு, பேஸ் சுத்தமா இல்லை. கார்ல பேஸ் மட்டும் குமுறுது, குரல் அமுங்குது. ஈக்யூ (ஹெர்ட்ஸ் வாரியா அளவைக் கூட்டிக் குறைக்கிறது) ஏத்த ஏத்த மாஸ்டர் (எல்லாம் சேர்ந்த மொத்த ஒலி) மீட்டர் சிவப்புக்குப் போகுது.

அலைவரிசை:
அந்தக் காப்பிதான் வினை. போன்ல ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கலந்துதான் காதுக்கு வரும். ஒரே ஒலி 10 மி.செ. பிந்தி வந்து தன்னோடயே சேர்ந்தா 50, 150, 250 ஹெர்ட்ஸ்னு 100க்கு ஒரு பள்ளம் விழும். அழிஞ்சுபோன இடத்தை ஈக்யூ ஏத்தி நிரப்ப முடியாது. காப்பியைத் தூக்கிட்டு, அதே பகுதியை இன்னொரு தடவை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. ரெண்டு வாசிப்பும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது, அந்த வித்தியாசம்தான் அகலம்.

பிறகு எல்லா பிளகினையும் (ஈக்யூ மாதிரி டிராக்ல சேர்த்த எஃபெக்ட்) ஆஃப் பண்ணுங்க. டிராக் ஒவ்வொண்ணும் சராசரியா -18 டிபி (டெசிபல்) பக்கம் நிக்கிற மாதிரி கிளிப் கெயினை (ரெக்கார்ட் பண்ண துண்டோட சத்த அளவு) குறைங்க. மாஸ்டரை மோனோவாக்கி (இடது வலதை ஒண்ணாக் கலந்து), சத்தத்தை மெதுவா வச்சு, ஃபேடரை (டிராக்கோட வால்யூம் தள்ளுகோல்) மட்டும் நகர்த்தி பேலன்ஸ் பிடிங்க. முதல்ல குரல், அப்புறம் மத்தது. மாஸ்டர் உச்சம் -6 டிபி தாண்ட வேண்டாம்.

கம்பி4:
பேஸோட அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது. ஈக்யூல 60 ஹெர்ட்ஸை ஏத்தினா கார்தான் குமுறும். அதுக்குப் பதிலா பேஸ்ல கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச்சிதைவு) போடுங்க. 82, 123, 164னு மேல் சுரங்கள் பலப்படும், அடிச்சுரத்தைக் காது தானே ஊகிச்சுக்கும்.

குரலுக்கு 80-100 ஹெர்ட்ஸ்ல ஹைபாஸ் (அதுக்குக் கீழ இருக்கிறதை வெட்டறது). கம்ப்ரஸர் (சத்தம் எகிறும்போது அமுக்கறது) 3:1, ரிலீஸ் (அமுக்கினதை விடற நேரம்) 100 மி.செ., அதோட மீட்டர் ஊசி 4-5 டிபி இறங்கினாப் போதும். அட்டாக் (அமுக்க எடுக்கிற நேரம்) 10-15 மி.செ. இருக்கட்டும். 1ல வச்சா க, ட, ப எல்லாம் மழுங்கி, பாடறவர் வாயை மூடிட்டுப் பாடற மாதிரி ஆகிடும். அமுங்குற சொல்லை மட்டும் கம்ப்ரஸருக்கு முன்னாடியே கிளிப் கெயின்ல 2-3 டிபி தூக்கிடுங்க. கிட்டார்ல 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டிபி வெட்டினா குரல் வெளிய வரும்.

சுருதிபேதம்:
கடைசி வரியில எனக்கு உடன்பாடில்லை. இருக்கிறதே ஒரு கிட்டார். 250ஐ நிரந்தரமா வெட்டினா இடையிசையில சோகை பிடிச்சிடும். குரல் வர்ற இடத்துல மட்டும் ஆட்டோமேஷன்ல (பாட்டு ஓடும்போது அளவு தானா மாறற வசதி) வெட்டுங்க. சோலோ போட்டு (ஒரு டிராக்கை மட்டும் தனியாக் கேட்டு) ஈக்யூ பண்றதையும் விடுங்க. தனியா இனிக்கிற கிட்டார்தான் பாட்டுக்குள்ள குரலை மறைக்கும்.

மெட்டுக்காரன்:
காப்பியைத் தூக்கினதும் டப்பா சத்தம் போயிடுச்சு. ஆனா கிட்டார் இப்போ கையில இல்லை, ரெண்டாவது டேக் எடுக்க வழியில்லை.

அலைவரிசை:
அப்போ கிட்டாரை 30% இடது வைங்க. 0.6 செகண்ட் ரூம் ரிவர்ப் (அறை எதிரொலி) ஒண்ணை சென்ட்ல (கிட்டார் ஒலியோட ஒரு பகுதியைத் தனி வழியில அனுப்பறது) போட்டு, ரிட்டர்னை (அங்கேருந்து திரும்பி வர்ற எதிரொலி) வலது பக்கம் தள்ளுங்க. ரிட்டர்ன்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, இல்லேன்னா கார்ல திரும்பவும் குமுறும்.