சரிவு, ஏற்றத்துக்கான ஆங்கிலச் சொற்கள்: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரிவு பற்றிய ஆங்கிலச் சொற்களைச் சொல்லித் தருகிறேன். 'ஜென்டில்' மெல்லச் சரிவது, 'ஸ்டீப்' மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம், 'ஷியர்' சுவர்போல நிற்கும் பாறை. இதுவரை சரி. 'கிரேடியன்ட்', அதாவது கிடைமட்டத் தூரத்துக்கு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்ற விகிதம், வந்ததும் திணறுகிறார்கள். 100 சதவீதம் என்றால் செங்குத்து என்றே நினைக்கிறார்கள். அது 45 டிகிரிதான். நியூசிலாந்தில் டனீடின் நகரத்து பால்ட்வின் தெரு, மிகச் செங்குத்தான இடத்திலேயே ஏறக்குறைய 35 சதவீதம், அதாவது சுமார் 19 டிகிரிதான் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஊட்டி மலை ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறவே பல்சக்கரம் வேண்டியிருக்கிறது என்றதும்தான் கொஞ்சம் பிடிபட்டது.

மலைப்பாதைகளில் ஏற்ற விகிதம் எழுதிய பலகையின் படம் இருந்தால் போடுங்கள், எந்த இடம் என்றும் சொல்லுங்கள். அப்புறம், இதை வகுப்பறையிலேயே செய்து காட்ட எளிய வழி தெரிந்த ஆசிரியர்கள் அவசியம் எழுதுங்கள். திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.