புரொஃபைல் டிஸ்க் பூட்டியே கிடக்கிறது: விடிஐ (மெய்நிகர் டெஸ்க்டாப்) பார்ப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். அஷூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப், விண்டோஸ் 11 மல்டி செஷன், 6 ஹோஸ்ட் (பயனர்கள் நுழையும் மெய்நிகர் மெஷின்கள்), 70 பயனர்கள். பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் அடங்கிய எஃப்எஸ்லாஜிக்ஸ் புரொஃபைல்கள் அஷூர் ஃபைல்ஸ் ஷேரில் (பகிர்வு சேமிப்பு) விஎச்டிஎக்ஸ் என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்புகளாக உள்ளன.

காலையில் நாலைந்து பேருக்குத் தற்காலிக புரொஃபைல்தான் திறக்கிறது. பதிவுக் கோப்பில் (log) பிழை எண் 32: கோப்பை வேறொன்று பிடித்திருக்கிறது. 30 ஜிபி எல்லை நிரம்பவில்லை. ஷேரை அணுகத் தேவையான போர்ட் 445 திறந்திருக்கிறது. ஆன்டிவைரஸ் விலக்கும் கொடுத்தாயிற்று. ஷேரில் திறந்திருக்கும் ஹேண்டில்களை (கோப்பைப் பிடித்திருக்கும் இணைப்புகள்) பட்டியலிட்டால், முந்தைய இரவு ஆட்டோஸ்கேல் (தேவைக்கேற்ப ஹோஸ்ட்களைத் தானாக இயக்கி நிறுத்தும் வசதி) நிறுத்திய ஹோஸ்டின் ஐபிதான் நிற்கிறது. டிஸ்கனெக்ட் ஆன செஷன் முறையாக லாக் ஆஃப் ஆகாமலே மெஷின் அணைகிறது என்பது என் கணிப்பு.

பவர்ஷெல்லில் ஹேண்டிலை மூடினால் சரியாகிறது. ஆனால் இதை ஸ்கிரிப்டாக ஓடவிடத் தயக்கம். உயிரோடு இருக்கும் செஷனின் ஹேண்டில் தவறி மூடப்பட்டால் விஎச்டிஎக்ஸே கெட்டுப்போகும், பயனரின் வேலையும் போகும்.

கேட்க விரும்புவது: டிஸ்கனெக்ட் ஆன செஷனை எத்தனை நிமிடத்தில் லாக் ஆஃப் செய்கிறீர்கள்? பூட்டிய கோப்பைத் திறக்க எஃப்எஸ்லாஜிக்ஸ் செய்யும் மறுமுயற்சி இயல்பாக 5 வினாடிக்கு ஒன்றாக 12 முறை. அதைக் கூட்டிப் பலன் கண்டவர் உண்டா? தற்காலிக புரொஃபைலில் நுழைவதையே தடுத்துவிடலாமா? அது பாதுகாப்பு, ஆனால் காலை 9 மணிக்கு ஹெல்ப்டெஸ்க் தாங்குமா தெரியவில்லை. க்ளவுட் கேஷ் (புரொஃபைலை ஹோஸ்ட் டிஸ்கிலும் தற்காலிகமாக வைக்கும் எஃப்எஸ்லாஜிக்ஸ் வசதி) வேண்டாம், ஹோஸ்ட் டிஸ்க் வேகம் போதாது.