நாலு பேர் தங்கிய வாடகை வீட்டில் சாராயக் குக்கர்: வழக்கு யார் மேல் நிற்கும்?

சிங்காநல்லூர்_அக்கா
என் தம்பி கோவையில் ஒரு மாடி வீட்டில் மூன்று பசங்களோடு வாடகைக்கு இருக்கிறான். போன வாரம் மதுவிலக்கு போலீஸ் வந்து சோதனை போட்டதில் சமையலறைப் பரணில் மூடியில் செம்புக் குழாய் பற்றவைத்த பெரிய குக்கர் ஒன்றும், பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஊறல் (சாராயம் காய்ச்சுவதற்காகப் புளிக்க வைத்த கலவை) போட்ட இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் கிடைத்திருக்கின்றன. அது இன்னொரு பையனுடையது, அவன் அன்றைக்கு ஊரில் இல்லை. வீட்டில் இருந்தது என் தம்பியும் வேறொருவனும், அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்கள், இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். பொதுவான இடத்தில் இருந்த பொருளை இவன்தான் வைத்திருந்தான் என்று எப்படி நிரூபிப்பார்கள்? "உன்னுடையது இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும்" என்று அங்கே சொன்னார்களாம், உண்மையா?

வக்கீல்_குமாஸ்தா
பாதி உண்மை அக்கா. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் வந்தது. அதன் 4-ஆவது பிரிவு சாராயத்தை மட்டும் தடுக்கவில்லை, காய்ச்சும் பாத்திரம், கருவி, மூலப்பொருள் வைத்திருப்பதும் குற்றம். அதே பிரிவின் 2-ஆவது உட்பிரிவில் ஒரு அனுமானம் இருக்கிறது: இப்படிப்பட்ட பொருளை ஏன் வைத்திருந்தாய் என்பதற்குத் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாவிட்டால், குற்றம் செய்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். இது செல்லாது என்று ஏ.எஸ். கிருஷ்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், 1956-இல் நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் ஸ்டேஷனில் சொல்லாமல் விட்டது என்னவென்றால், அந்த அனுமானம் பொருள் அவன் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிய பிறகுதான் வேலை செய்யும். "வசம்" என்றால் பக்கத்தில் நின்றான் என்பதல்ல. அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதன் மேல் அவனுக்குக் கட்டுப்பாடும் இருக்க வேண்டும். 1972-இல் குன்வந்த்லால் வழக்கில், அது துப்பாக்கி வழக்கு, உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதே தீர்ப்புப்படி பொருள் வேறொருவர் கையில் இருந்தாலும் கட்டுப்பாடு உன்னிடம் இருந்தால் நீயும் மாட்டுவாய். ஆகவே ஊருக்குப் போன பையன் தப்பிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பழைய_ஏட்டு
சட்டம் சரி, நடைமுறையைக் கேளுங்கள். சோதனைக்குப் போனால் யார் வீட்டில் இருக்கிறானோ அவன் பெயர்தான் முதலில் ஏறும். அப்புறம் ஒப்புதல் வாக்குமூலம் என்று ஒன்று எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். ஊறல் போட்டால் அந்த வாசனை தெரு முனை வரைக்கும் வரும், "எனக்குத் தெரியாது" என்று தம்பி சொன்னால் எந்த மாஜிஸ்திரேட் நம்புவார்? மூக்கடைப்பு என்று டாக்டர் சீட்டா கொண்டுபோவான்?

வக்கீல்_குமாஸ்தா
ஏட்டையா சொன்ன வாசனை விஷயம் நியாயம். அதனால்தான் "தெரியவே தெரியாது" என்கிற வழியில் தம்பி போகக்கூடாது என்பேன். தெரிவது வேறு, வைத்திருப்பது வேறு. கூடத் தங்கியவன் செய்தது தெரிந்தும் பேசாமல் இருந்தான் என்பது மட்டும் வசம் வைத்திருந்ததாக ஆகாது. அவன் காசு போட்டானா, வெல்லம் வாங்கி வந்தானா, பரணில் ஏற்றி இறக்கினானா, குடித்தானா விற்றானா, இதில் ஏதாவது ஒன்றையாவது அரசுத் தரப்பு அவனோடு ஒட்டிக் காட்ட வேண்டும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் நிற்காது, அதன் மூலம் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்தத் துண்டு மட்டும்தான் ஏற்கப்படும். இவர்கள் விஷயத்தில் பொருளை எடுத்த பிறகுதான் வாக்குமூலம் என்றால் அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

மகஜர், அதாவது எதை எங்கே கைப்பற்றினார்கள் என்று போலீஸ் எழுதிய பட்டியல், அதன் நகலை வாங்கிப் பொறுமையாகப் படியுங்கள். "வீட்டிலிருந்து கைப்பற்றப்பட்டது" என்று மொட்டையாக எழுதியிருக்கிறதா, பரண், பின்பக்கம் என்று இடம் சொல்லியிருக்கிறதா? அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது சாட்சியாக இருந்தார்களா? 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 105-ஆவது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும், அதைக் கேளுங்கள். குக்கர் எந்த வீட்டிலும் இருக்கும். குழாய் பொருத்தியிருப்பதும், குடத்தில் எடுத்த மாதிரியில் ஆல்கஹால் இருக்கிறது என்று ஆய்வக அறிக்கை வருவதும்தான் அதைக் காய்ச்சும் கருவி ஆக்குகிறது.

தர்பங்கா_தமிழன்
நான் பீகாரில் வேலை பார்க்கிறவன். இங்கே 2016 சட்டத்தில் வீட்டில் சரக்கு பிடிபட்டால் 18 வயது தாண்டிய குடும்பத்தார் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது என்று எடுத்துக்கொள்கிற விதி இருந்தது. பயங்கரக் கூத்து அது. 2018-இல் திருத்தி எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒன்றும் இல்லையே என்று நிம்மதிப்பட்டுக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர்_அக்கா
எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம். தம்பிக்கு நைட் ஷிப்ட், மில்லில் வருகைப் பதிவு இருக்கிறது, உதவுமா? அப்புறம் அந்தப் பையனிடம் "இந்தக் குடத்தை எல்லாம் வெளியே போடு, வீட்டுக்காரர் பார்த்தால் வம்பு" என்று வாட்ஸ்அப்பில் திட்டியிருக்கிறான். அழித்துவிடவா என்று கேட்கிறான். வாடகை ஒப்பந்தம் இவன் பெயரில்தான் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் சொன்னான்.

வக்கீல்_குமாஸ்தா
அழிக்கவே கூடாது! அந்த மெசேஜ் இவனுக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டும், அதே நேரத்தில் பொருள் அவனுடையது, இவனுக்குச் சம்மதம் இல்லை என்பதையும் காட்டும். அழித்தால் இரண்டாவது போய்விடும், முதலாவது அந்தப் பையனுடைய போனில் அப்படியே இருக்கும். வருகைப் பதிவு உதவும், ஆனால் காய்ச்சுகிறவன் பகலிலும் காய்ச்சலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒப்பந்தம்தான் எனக்குக் கவலை. நேரடியாகத் தன் வசம் உள்ள இடத்தில் இப்படிச் செய்ய அனுமதிப்பதையும் அந்த 4-ஆவது பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது, அதற்கும் அனுமானம் உண்டு. ஆகவே பெயர்தான் இவனுடையது, நாலு பேரும் சமமாகப் பங்கு போட்டு இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். வாடகைப் பங்கை மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிய கணக்கை எடுத்துவையுங்கள். தன் பக்க விளக்கத்தை இவன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி இருந்தால் போதும்.

பழைய_ஏட்டு
அதையும் சேர்த்துச் சொல்கிறேன், 2024 கள்ளக்குறிச்சி கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். "சும்மா ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம், ஒப்புக்கொள்" என்று யாராவது சொன்னால் தம்பி தலையாட்டக் கூடாது. ஒப்புக்கொண்டால் அது தண்டனைதான், நாளைக்குப் பாஸ்போர்ட்டோ வேலையோ என்று வரும்போது தெரியும்.

சிங்காநல்லூர்_அக்கா
ஜிபே கணக்கு இருக்கிறது, மூன்று பேருமே இவனுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மகஜர் நகல் திங்கட்கிழமை வக்கீல் வாங்கித் தருவதாகச் சொன்னார். பரண் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.