பாதாளத்தில் வளர்ந்தவள் சூரியனைப் பார்த்ததும் அழுவாளா?

வடசேரி வாசகன்:
போன வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கதை வாசித்தோம். மருந்துவாழ்மலைக்கு அடியில் ஒரு பாதாள ஊர். அங்கேயே பிறந்து அகல்விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பெண், பதினாறு வயதில் சுரங்கம் வழியாகக் கன்னியாகுமரிக் கடற்கரைக்கு வருகிறாள். சூரியன் உதிக்கிறது. "ஆகா, என்ன அழகு" என்று கைகூப்பி அழுகிறாள்.

சுத்தப் பொய். அந்தக் கண் முதலில் கூசும், நீர் வழியும், தலை தானாகக் குனியும். பிளாட்டோ தன் குகைக் கதையில் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார். வெளியே வந்தவன் முதலில் நிழல்களைப் பார்க்கிறான், பிறகு தண்ணீரில் தெரியும் உருவங்களை, அப்புறம் இரவு வானத்தை. சூரியன் கடைசியில்தான்.

தக்கலை டீச்சர்:
தம்பி, நீங்கள் முக்கடலில் உதயம் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? அடிவானத்தில் இருக்கும்போது சூரிய ஒளி காற்றில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. அவள் பழகிய அகல்சுடர் நிறம்தான் அது! நண்பகலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. குழந்தை அனுமன் உதயசூரியனைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டானா? பழம் என்று பாய்ந்தான்.

வடசேரி வாசகன்:
அனுமன் என் கட்சி, டீச்சர். அவன் "அழகு" என்றா சொன்னான்? பசித்திருந்தான், தெரிந்த பொருளாக எண்ணினான். இவளும் "இவ்வளவு பெரிய விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்டிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். அழகு என்பது பழகியவன் சொல்.

தக்கலை டீச்சர்:
இல்லை, ஏங்கியவள் சொல். ரே பிராட்பரி 1954-இல் எழுதிய ஒரு கதையில், வெள்ளிக் கிரகத்தில் ஓயாத மழை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டே மணி நேரம் சூரியன் தெரியும். வகுப்பிலேயே அதற்காக அதிகம் ஏங்குகிறவள், பூமியில் சூரியனைப் பார்த்த நினைவுள்ள ஒரே சிறுமி. மற்ற பிள்ளைகள் அவளை அறையில் பூட்டிவிட, அவளுக்கு மட்டும் அது கிடைக்காமலே போகிறது. நம் கதையிலும் பாட்டி சூரியனைப் பற்றிப் பாடுகிறாளே, இரண்டாம் பக்கத்தில். வாசித்தீர்களா, இல்லை கடைசிப் பக்கம் மட்டும்தானா?

வடசேரி வாசகன்:
வாசித்தேன். பாட்டு சுமார்.

குளச்சல் வள்ளம்:
அண்ணே, டீச்சர், இரண்டு பேரும் சூரியனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். உதயத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே கிழக்கு வெளுத்துவிடும். சூரியன் வருவதற்குள் அவள் வானத்தைப் பார்த்து முடித்திருப்பாள். அதை ஏன் யாரும் பேசவில்லை?

பத்தாம் வகுப்பு லீவில் அப்பாவோடு முதன்முதலாக ராத்தொழிலுக்குப் போனேன். அமாவாசை. கரை விளக்குகள் மறைந்ததும் வள்ளத்தில் மல்லாந்து படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மேல்நோக்கி விழப்போகிறேன் என்று தோன்றிவிட்டது. எழவும் பயம், கண்ணை மூடவும் பயம். குறுக்குப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா கேட்டதற்குக் குளிர் என்று சொன்னேன். பதினைந்து வருஷம் வானத்துக்குக் கீழே வளர்ந்தவனுக்கே இந்தக் கதி. கல்லே கூரையாக வளர்ந்தவள் நிமிர்ந்து நின்று கைகூப்புவாளா? மணலில் குப்புறப் படுத்துக் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வாள்.

தக்கலை டீச்சர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அவள் அழுவாள்.

கதை எழுதியவள்:
கதை என்னுடையதுதான். இவ்வளவு நேரம் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். குளச்சல் அண்ணா, அந்தக் குறுக்குப் பலகையை எடுத்துக்கொள்ளலாமா? அவளை அமாவாசை இரவில் வெளியே கொண்டுவரப் போகிறேன். கைகூப்புவதை எடுத்துவிடுகிறேன். அழுகை இருக்கட்டும், டீச்சருக்காக.

குளச்சல் வள்ளம்:
தாராளமாக எடுத்துக்கோ மக்கா.

வடசேரி வாசகன்:
நல்லது. ஆனால் கதை ஜூன் மாதத்தில் நடக்கிறது. இடவப்பாதி மழையில் எந்த நட்சத்திரம் தெரியப்போகிறது? தை மாதத்துக்கு மாற்றுங்கள்.