ஐபி போனில் உள்ளே வரும் அழைப்பு மட்டும் அடிப்பதில்லை, உதவுங்கள்

வணக்கம். இணையம் வழியே இயங்கும் எங்கள் அலுவலக மேசை போன்களில் (ஐபி போன்) இருந்து வெளியே அழைத்தால் தெளிவாகப் பேச முடிகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டால் உள்ளே வரும் அழைப்பு அடிப்பதே இல்லை. வாடிக்கையாளர்கள் பாவம், நாங்கள் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைக்கிறார்கள்.

போனின் வெப் பக்கத்தில் 'ரெஜிஸ்டர்டு' (சர்வரில் பதிவாகியுள்ளது) என்றே காட்டுகிறது. பிங் சோதனையும் (இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது) சரி. சிஸ்லாக்கை (போனின் நிகழ்வுப் பதிவை) ஒரு கணினிக்கு அனுப்பிப் பார்த்தேன்: தவறிய அழைப்புகளுக்கான 'இன்வைட்' (அழைப்பு வருவதைச் சொல்லும் செய்தி) போனுக்கு வந்து சேரவே இல்லை. ரெஜிஸ்டர் காலாவதி (சர்வரில் செய்த பதிவு செல்லும் நேரம்) 3600 நொடி. ரவுட்டர் அதற்கு வெகு முன்பே யூடிபி வழியை (சர்வரில் இருந்து போனுக்குச் செய்தி வரும் பாதையை) மூடிவிடுகிறது என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் வெளியே ஒருமுறை அழைத்ததும் சிறிது நேரம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.

கீப்அலைவை (வழி மூடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தியை) 30 நொடிக்கு வைத்தால் போதுமா? இல்லை, ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியையும் (அழைப்புச் செய்திகளை ரவுட்டரே மாற்றும் வசதியை) அணைக்க வேண்டுமா? அழைப்புகளைக் கையாளும் சர்வர் கிளவுடில் (இணையத்தில், எங்கள் அலுவலகத்துக்கு வெளியே) இருக்கிறது.